ஆனா அக்கா

முதலில் முகர்ந்து பார்க்கிறார். பெட்டியோ மேசையோ கூண்டோ, எதுவாக இருந்தாலும் நான்கு மூலைகளிலும் மூக்கை வைத்து எடுத்த பிறகுதான் கையை வைப்பார். அன்று அவர் முன்னால் இருந்தது, கைக்குட்டையை விழுங்கிவிடும் ஒரு வெள்ளித் தட்டு. முகர்ந்தார். முகம் சுளித்தது. "பசை வாசனை வருது. முன் வரிசைக்காரங்க மூக்கை வீட்டுல வெச்சுட்டா வருவாங்க?" என்று தட்டையே கேட்டார். பிறகு அதைக் காதருகே பிடித்து விரலால் சுண்டினார். கண்களை மூடிக்கொண்டு அதன் கொக்கியை ஏழெட்டு முறை போட்டு எடுத்தார். தரையில் உட்கார்ந்து குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தார். முக்காலிமேல் ஏறி, மாடி இருக்கைக்காரரின் உயரத்திலிருந்தும் பார்த்தார். கடைசியாக இறங்கி வந்து, "நல்லா இருக்கு," என்றார். அறையில் இருந்த மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆனா..." என்றார்.

இந்த இரண்டெழுத்துதான் அவருடைய பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மேடை வித்தைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் ஆனா அக்கா. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள், பயத்தில்.

மேடை வித்தைக்கான சாமான்களைச் செய்து விற்கும் பட்டறை அது. தையல் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் மூன்று அறைகள். முதல் அறையில் அறுக்கிறார்கள், இரண்டாவதில் பூசுகிறார்கள், மூன்றாவதில் ஆனா அக்கா இருக்கிறார். மூன்றாவது அறையைத் தாண்டாமல் எந்தச் சாமானும் வெளியே போகாது. ஒவ்வொன்றுக்கும் தபால் அட்டை அளவில் ஒரு சீட்டு எழுதி, நூலால் கட்டிவிடுவார். இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வலப்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

சில சீட்டுகளை அவர் அனுமதியோடு பார்த்து என் பத்திரிகைக்காக எழுதிக்கொண்டேன். கவிழ்த்தாலும் கொட்டாத குவளை: "பலம்: ஒரு சொட்டுகூடச் சிந்தாது. பலவீனம்: அதுவே சந்தேகத்தைக் கிளப்புகிறது. இரண்டு சொட்டு சிந்தும்படி மாற்றவும்." பூச்செண்டாக மாறும் கைத்தடி: "பலம்: ஒரே நொடியில் மாறும். பலவீனம்: நாம் கேட்காத நொடியிலும் மாறும். பேருந்தில் எடுத்துப் போக வேண்டாம்." ஆளை அந்தரத்தில் தூக்கும் பலகை: "பலம்: தொண்ணூறு கிலோ தாங்கும். பலவீனம்: தாங்குவதை முனகிச் சொல்கிறது." புறா மறையும் பெட்டிக்கு வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி: "புறாவுக்கு இது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிகிறது." அந்தப் பெட்டியை வாங்க வந்தவர், புறா முகத்தில் என்ன தெரியும் என்று சண்டைக்கே வந்துவிட்டாராம். ஆனா அக்கா புறாவை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பெரிய பெட்டியாகச் செய்து தரச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்குள் என்னை விடுவதற்கு முன்னால் முதலாளி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எந்தச் சாமானுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன் என்பது ஒப்பந்தம். எனவே இந்தக் கட்டுரையில் அங்கங்கே ஓட்டை தென்பட்டால், அது ஞாபக மறதி அல்ல.

ஆனா அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. குட்டையான உடம்பு, வேகமான நடை, எப்போதும் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் அளவு நாடா. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் அவர் ஒரு வித்தைக்காரரின் மேடைத் துணை. தினமும் இரண்டு காட்சி, விடுமுறை நாளில் மூன்று. ஒவ்வொரு காட்சியிலும் ரம்பத்தால் இரண்டாக அறுபடுவார். "வித்தைக்காரங்க எல்லாரும் பெட்டியை வெளியில இருந்து பார்த்தவங்க. நான் உள்ள இருந்து பார்த்தவ. எந்த ஆணி எந்த நேரத்துல குத்தும்னு எனக்கு முதுகுலயே தெரியும்," என்கிறார்.

அந்த வேலை போன கதையைச் சிரிக்காமல் அவரால் சொல்ல முடியவில்லை. மூடியின் கீல் தளர்ந்துவிட்டது என்று இடைவேளையில் எச்சரித்திருக்கிறார். வித்தைக்காரர், "பதினோரு வருஷமா விழாததா இன்னைக்கு விழப்போகுது?" என்றார். அன்றைக்கு விழுந்தது. அறுபட்ட ஒரு பெண்ணுக்கு எத்தனை கால்கள் இருக்க வேண்டுமோ, அதைவிட இரண்டு கூடுதலாக முதல் மூன்று வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அரங்கமே உருண்டு சிரித்தது. திரை விழுந்ததும் அந்த ஆள் இவர்மேல் பழியைப் போட்டார். இவர் ஜிகினா வைத்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு தடித்த மனிதர் காத்திருந்தார். "அந்தப் பெட்டியில என்னம்மா குறை?" என்று கேட்டார். இவர் பதினேழு குறைகளைச் சொன்னார். தடித்த மனிதர் பதினேழையும் நின்றபடியே கேட்டு முடித்துவிட்டு, "திங்கக்கிழமையில இருந்து வர்றியா?" என்றார். அவர்தான் இப்போதைய முதலாளி.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர். அவருக்கு மேஜிக் என்றால் உயிர். ஆனால் எந்த ரகசியமும் தெரிந்துவிடக் கூடாது. மனைவி சாப்பிடும்போது, "இன்னைக்கு ஒரு கூண்டு வந்துதுங்க," என்று ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். திருமணமாகி இருபதாவது வருடம், பரிசாகத் தனக்கும் ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். அதைக் கண்ணாடித் தாள் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். எனக்கும் எடுத்துக் காட்டினார். "பலம்: சத்தமில்லாமல் திறக்கும், மூடும். பலவீனம்: உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசி வரிசைக்கே தெரிந்துவிடும்."

நான் அங்கே போய் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவருடைய தம்பியின் பெட்டி வந்து சேர்ந்தது.

தம்பி தச்சர். கட்டில், அலமாரி, புத்தக அடுக்கு செய்கிறவர். மேஜிக் சாமான் எதுவும் அதுவரை செய்ததில்லை. ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வீட்டுக் கொல்லைப்புறத்தில் யாருக்கும் சொல்லாமல் இதைச் செய்திருக்கிறார். இடுப்புயரப் பெட்டி. ஓர் ஆள் உள்ளே இறங்கிப் படுத்துவிட வேண்டும். பிறகு பெட்டியை ஒருமுறை மடித்து, இன்னொருமுறை மடித்து, மூன்றாவது முறையும் மடித்தால் ரயிலில் கொண்டுபோகும் பெட்டி அளவுக்கு வந்துவிடும். மூடியைத் திறந்து காட்டினால் உள்ளே யாரும் இல்லை. மறுபடி விரித்தால் ஆள் எழுந்து நின்று கும்பிடலாம். முதலாளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய வித்தைக் குழுவின் தலைவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். குழு வெளியூர்ப் பயணம் கிளம்ப மூன்று வாரமே இருந்தது. கடைசி அயிட்டம் இல்லாமல் தலைவர் தவித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் தம்பிக்கு இந்தப் பட்டறையிலேயே நிரந்தர இடம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

தலைவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தம்பி அக்காவை ஓரமாக அழைத்துப் போனார். அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது.

"அக்கா, உன்கிட்ட நான் எதுவுமே கேட்டதில்லை. இன்னைக்கு ஒரு நாள், அவர் முன்னாடி அந்த 'ஆனா'வை மட்டும் எடுக்காதே."

"சரிடா."

"நிஜமா?"

"நிஜமாத்தான். ஆனா..."

"அக்கா."

"வாயில தானா வருது, நான் என்ன பண்ண?"

தலைவர் வந்தார். வாசனைத் திரவியமும் வழுவழுத்த மீசையுமாக, நடக்கும்போதே கைதட்டலை எதிர்பார்க்கிற ஆள். கூடவே அவருடைய மேடைத் துணை, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண். மேடையில் இந்தப் பெட்டிக்குள் இறங்கப்போகிறவர் அவர்தான். ஆனால் எந்தப் பெட்டியிலும் முதலில் ஆனா அக்கா இறங்குவதுதான் பட்டறை வழக்கம். அளவு நாடாவைக் கழற்றி என் கையில் கொடுத்தார், செருப்பை விட்டார், பெட்டியை முகர்ந்தார். முகர்ந்ததும் ஒரு கணம் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா உள்ளே இறங்கிவிட்டார்.

ஒரு மடிப்பு. இரண்டு. மூன்று. தம்பியின் கைகள் மாவு பிசைகிற மாதிரி லாகவமாக வேலை செய்தன. மூடியைத் திறந்தார். காலி. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த நான் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தேன். தலைவர் மீசையைத் தொட்டபடி, "அடேயப்பா," என்றார். தம்பியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுபடி விரித்தார். மூன்று மடிப்பும் பிசகாமல் விரிந்தன. மூடியைத் திறந்தார். அப்போதும் காலி.

தலைவர் இதையும் வித்தையின் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார். "ஓ, இதுல வரமாட்டாங்களா? வேற பக்கமா வருவாங்களா?" என்று உற்சாகமாகக் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தோம். கதவில் யாரும் வரவில்லை. தம்பியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. பெட்டியின் பக்கவாட்டில் எங்கோ கையை விட்டு எதையோ இழுத்தார். அது அசையவில்லை.

அப்போது அந்தக் காலிப் பெட்டியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, மாட்டிக்கிச்சு. நேத்து சாயந்திரம் இன்னொரு தடவை வார்னிஷ் அடிச்சியா?"

"ஒரே ஒரு கோட்டு அக்கா. பளபளன்னு இருக்கணும்னு..."

"அதான் ஒட்டிக்கிச்சு. பதறாதே. காத்து வருது. பத்திரிகைக்காரர் இருக்கார்ல, அவரை எழுதிக்கச் சொல்லு. சும்மா இருக்கற நேரத்துல சீட்டையாவது முடிச்சுடலாம்."

பேனாவை எடுத்தேன். முதலாளி ஒரு வெற்றுச் சீட்டை நீட்டினார்.

"பலம். ஒண்ணு, காத்தோட்டம் நல்லா இருக்கு. ரெண்டு, முதுகுல எதுவும் குத்தலை. பதினோரு வருஷத்துல இப்படி ஒரு பெட்டி எனக்குக் கிடைக்கலை. மூணு, மடிக்கும்போது சத்தமே இல்லை."

தலைவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், காதை வைத்தார். நாற்பது வருடமாக ஊரை ஏமாற்றிப் பிழைத்தவர், மிட்டாய்க் கடையில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தார். "எங்க இருக்காங்கன்னே தெரியலையே. பேசறது கேட்குது, ஆள் இருக்க இடமே இல்லையே," என்றார்.

"நாலு, பேசினாலும் இடம் தெரியாது. எழுதியாச்சா?" என்றது குரல்.

தம்பியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முதல் அறைக்கு ஓடிப்போய் ரம்பத்தை எடுத்து வந்தார். ஏழு மாத உழைப்பின்மேல் அதை வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

"அது என்ன சத்தம்?" குரல் சட்டென்று உயர்ந்தது. "ரம்பமா? டேய், எட்டாயிரம் தடவைக்கு மேல என்னை மேடையில ரெண்டா அறுத்திருக்காங்க, ஒருத்தராவது நிஜமா அறுத்தாங்களா? கூடப் பொறந்தவன் நீ கிளம்பிட்டியா? கீழ வை."

நெட்டைப் பெண்தான் முதலில் சிரித்தார். பிறகு முதலாளி. பிறகு எங்களில் யாராலும் நிறுத்த முடியவில்லை. தம்பி அழுதுகொண்டே சிரித்தார். பெட்டியும் உள்ளே இருந்து குலுங்கியது.

அதற்குப் பிறகு ஆனா அக்கா உத்தரவு போட ஆரம்பித்தார். மூடியைச் சாத்திவிட்டு எல்லோரும் பெட்டியின்மேல் உட்கார வேண்டும். முதலாளி ஓர் ஓரம், தம்பி எதிர் ஓரம், தலைவரும் நெட்டைப் பெண்ணும் நடுவில். எந்த ஓரம் என்று நான் எழுதக்கூடாது. எடை ஏறினால் பலகை ஒரு நூல் அளவு வளையும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் அது எகிறி, ஒட்டியது விட்டுவிடும். இதுதான் கணக்கு. "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் ஒண்ணா எழுந்திருக்கணும். ஒருத்தர் லேட் ஆனாலும் வேலை நடக்காது."

முதல் முறை முதலாளி லேட். அவருடைய முழங்கால் "மூணு" என்பதைக் கேட்டு, யோசித்து, பிறகுதான் நிமிர்ந்தது. இரண்டாம் முறை அவர் முன்ஜாக்கிரதையாக "ரெண்டு"க்கே எழுந்துவிட்டார். "முதலாளி, உங்களுக்கு மட்டும் தனியா சொல்றேன். ரெண்டே முக்கால்னு ஒண்ணு சொல்லுவேன், அப்ப எழுந்திருங்க," என்றது பெட்டி. மூன்றாம் முறை, "ரெண்டு... ரெண்டே முக்கால்... மூணு." நான்கு பேரும் ஒரே உடம்பாக எழுந்தார்கள். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். மூடி தானாகத் திறந்தது. ஒரு கன்னம் முழுக்க வார்னிஷும், காதோரம் ஒட்டிக்கொண்ட முடியுமாக ஆனா அக்கா எழுந்து நின்றார். பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்து, ஒரு காலை முன்னால் வைத்து, கும்பிட்டார். சுவர்க் கடிகாரத்தின்படி இருபத்திரண்டு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார்.

தலைவர் கைதட்டினார். வித்தைக்காரர் ஒருவர் இன்னொருவருக்குக் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான். "எனக்கு இது வேணும். அந்த ஒரு கோட்டு வார்னிஷைச் சுரண்டிட்டு நாளைக்கே வண்டியில ஏத்திடுங்க," என்றார். தம்பி அக்காவைப் பார்த்தார். முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையில் உட்கார்ந்து என்னிடமிருந்து சீட்டை வாங்கினார். வலப்பக்கம் இன்னும் காலியாக இருந்தது.

நெட்டைப் பெண் பக்கத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்தார். "அக்கா, உள்ள பயமா இருந்துதா?"

"நாலாவது நிமிஷம் இருந்துது," என்றார் ஆனா அக்கா. "அதனாலதான் வாயை மூடாம பேசிக்கிட்டே இருந்தேன்."

பிறகு தம்பியைப் பார்த்தார். "நல்லா இருக்குடா. நான் பார்த்ததுலயே நல்ல பெட்டி." சீட்டின் நூலை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு அந்த வார்த்தை வந்தது. "ஆனா, உள்ள இருக்கறவங்க தன் கையால திறந்துக்க ஒரு வழி இல்லை. அது வைக்காம நான் கையெழுத்து போடமாட்டேன்."

"அதை வெச்சா மறுபடி பிரிச்சுச் சேர்க்கணும் அக்கா. பத்து நாளாவது ஆகும். அவரே பரவாயில்லைங்கறாரு, நீ ஏன் அடம் பிடிக்கற?"

"உள்ள போறது அவர் இல்லைடா."

தலைவரின் மீசை துடித்தது. பத்து நாள் காத்திருக்க முடியாது, ஒத்திகைக்கு நேரம் போதாது, வேறு பட்டறைகள் இல்லாமலா போய்விட்டன என்றார். தம்பி சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்து, ஆனா அக்காவின் கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த வார்னிஷைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தரையில் இருந்தபடியே நெட்டைப் பெண் பேசினார். "சார், வேற பட்டறையில வாங்குங்க. உள்ள நீங்க இறங்குங்க. நான் வெளியில நின்னு மடிக்கறேன்."

தலைவர் பெட்டியைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பத்து நாள் ஒப்புக்கொண்டார்.

அன்றைய சீட்டின் வலப்பக்கத்தை ஆனா அக்கா தன் கையாலேயே எழுதினார். "பலவீனம்: உள்ளிருந்து திறக்க வழி வேண்டும். வார்னிஷ் ஒரு பூச்சு அதிகம். செய்தவருக்கு இதன்மேல் பாசம் கூடிப்போனதால் வந்த கோளாறு." தம்பி அதை இரண்டு முறை படித்தார். கோபமாக இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டார். மூன்றாம் முறை படிக்கும்போது தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டார். ஒன்பதாவது நாளே வேலையை முடித்துவிட்டார். ஆனா அக்கா உள்ளே இறங்கி, தன் கையாலேயே ஆறு முறை திறந்துகொண்டு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். தம்பிக்கு இப்போது இரண்டாவது அறையில் ஒரு மேசை இருக்கிறது.

குழுவின் முதல் காட்சிக்கு எல்லோரையும் அழைத்திருந்தார்கள். மாலைக் காட்சி. எனக்கு இடப்பக்கம் ஆனா அக்கா, அவருக்கு அந்தப் பக்கம் கணவர், அதற்கப்பால் தம்பி. இடைவேளை வரை அக்கா ஒரு மேசையின் விரிப்பைப் பற்றியும் ஒரு தொப்பியின் விளிம்பைப் பற்றியும் என் காதில் கடித்துக்கொண்டே இருந்தார். கடைசி அயிட்டத்துக்குப் பெட்டி மேடைக்கு வந்தது. நெட்டைப் பெண் பச்சை உடையில் ஜொலித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். தலைவர் ஒரு மடிப்பு மடித்தார். அக்காவிடமிருந்து பேச்சு நின்றுபோனது. மூன்றாவது மடிப்பும் முடிந்து, காலிப் பெட்டியைச் சாய்த்துக் காட்டியபோது அரங்கம் முழுவதும் ஒரே ஓசை. கணவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, "எங்கடி போச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டு, அதே மூச்சில், "சொல்லிடாதே," என்றார்.

நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆனா அக்கா செருப்பை விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி, முழங்கால்களை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, ஒரு சாண் இடத்துக்குள் அடங்கிவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். மூச்சுவிடும் அசைவுகூடத் தெரியவில்லை. மேடையில் பெட்டி விரிந்தது. பச்சை உடை எழுந்து நின்று கைகளை விரித்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தி, முதலில் ஒரு காலை, பிறகு இன்னொரு காலைத் தரையில் இறக்கி, இருட்டில் செருப்பைத் துழாவினார்.